வெங்காயத்தை எடுத்துவிடுங்கள்

சமையல் புத்தகத்தின் தரத்தைப் பொருள் பட்டியலில் தேட வேண்டியதில்லை. பட்டியல் யாரும் போடலாம். அடுப்படியில் வெகுநேரம் நின்றவர் மட்டுமே எழுதக்கூடிய ஒரு குறிப்பு எங்கோ நடுவில், சத்தமில்லாமல் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கிற ருசி, சமைத்துச் சாப்பிடும் ருசிக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. மத்தியதரைக் கடலோரச் சமையலைச் சொல்லும் மூன்று புத்தகங்களில் அப்படி என்னை நிறுத்திய இடங்கள் மூன்று.

முதலாவது, மார்செல்லா ஹசான் எழுதிய தக்காளி சாஸ். இத்தாலியின் ஏட்ரியாட்டிக் கரையில் உள்ள செசெனாட்டிகோ என்ற ஊர்க்காரர். அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். திருமணமாகி நியூயார்க் போன பிறகுதான் சமைக்கவே கற்றுக்கொண்டார். அவருடைய முதல் புத்தகம் 1973இல் வந்தது. இந்த சாஸுக்கு நான்கே பொருள்: 2 பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம் பழுத்த தக்காளி, 5 மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு வெங்காயம், உப்பு. பூண்டு கிடையாது, மிளகு கிடையாது, இத்தாலி என்றதும் நாம் எதிர்பார்க்கும் ஆலிவ் எண்ணெயும் கிடையாது. அவர் பிறந்த எமிலியா-ரொமாஞா வெண்ணெய்க்குப் பேர்போன பகுதி. தக்காளியின் புளிப்பை வெண்ணெய் தணிக்கிற விதம் எந்த எண்ணெய்க்கும் வராது.

வெங்காயத்தை நறுக்கவும் வேண்டாம், வதக்கவும் வேண்டாம். தோலுரித்து இரண்டாக வெட்டி அப்படியே போட்டு, மூடாமல், மிகச் சிறு தீயில் 45 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கடைசியில் வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். கறிவேப்பிலையைப் போல, வேலை முடிந்ததும் வெளியே! தன் இனிப்பையெல்லாம் சாற்றில் இறக்கிவிட்டது; இனி அது கரண்டியில் தட்டுப்பட்டால் சாஸின் வழவழப்புதான் கெடும். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. 45 நிமிடம் என்று சொன்னவர், கடிகாரத்தை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. தக்காளியிலிருந்து கொழுப்பு தனியே பிரிந்து மிதக்க வேண்டும் என்று ஓர் அடையாளமும் சொல்கிறார். எண்ணெய் பிரிந்து வரும்வரை விடு என்று நம் வீடுகளில் சொல்கிற அதே பக்குவம்தான்.

இரண்டாவது, கிளாடியா ரோடன். கெய்ரோவில் 1936இல் பிறந்தவர். சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த யூதக் குடும்பம். 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு எகிப்தின் யூதர்கள் ஊரைவிட்டுச் சிதறியபோது, மறுபடி எப்போது பார்ப்போமோ என்ற நிலையில் ஒருவருக்கொருவர் கேட்டு வாங்கிக்கொண்ட செல்வம் சமையல் குறிப்புகள்தான். அவற்றைத் திரட்டி 1968இல் அவர் எழுதியதுதான் மத்தியக் கிழக்குச் சமையல் பற்றிய பெரும் புத்தகம். அதில் ஓர் ஆரஞ்சு கேக். இரண்டு ஆரஞ்சுகளைத் தோலோடு, முழுதாக, இரண்டு மணி நேரம் தண்ணீரில் வேகவைக்கச் சொல்கிறார். பிறகு பிளந்து விதையை மட்டும் எடுத்துவிட்டு மொத்தமும் விழுதாக அரைக்க வேண்டும். அதோடு 6 முட்டை, 250 கிராம் பாதாம் பொடி, 250 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். மைதா இல்லை, வெண்ணெய் இல்லை. பாதாமின் எண்ணெயே போதும்.

ஆரஞ்சின் மணம் சாற்றில் இருப்பதைவிடத் தோலில்தான் அதிகம். அந்தத் தோலை வீசாமல் உள்ளே கொண்டுவர ஒரே தடை அதன் கசப்பு. இரண்டு மணி நேரக் கொதி அந்தக் கசப்பை ஒழிப்பதில்லை, அடக்கிவைக்கிறது. வாயில் போட்டதும் இனிப்பு, பின்னாலேயே மார்மலேட் போல ஒரு மெல்லிய கசப்பு. அது இல்லையென்றால் இந்தக் கேக் வெறும் இனிப்பாகிவிடும். ஸ்பெயினிலிருந்து 1492இல் வெளியேற்றப்பட்ட செபராது யூதர்களின் மரபு இது. யூதர்களின் பஸ்கா பண்டிகை நாட்களில் புளித்த மாவு கூடாது என்ற விதிக்கும் பொருந்துகிறது. கேக்கை அச்சிலேயே ஆறவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் ரோடன் மறக்கவில்லை. அவ்வளவு ஈரம் அதில்.

மூன்றாவது, 2012இல் வந்த ‘ஜெருசலேம்’. எழுதியவர்கள் யோதம் ஓட்டோலெங்கி, சாமி தமீமி. இருவரும் ஜெருசலேமில் பிறந்தவர்கள். ஒருவர் நகரின் மேற்குப் பக்கத்து யூதர், மற்றவர் கிழக்குப் பக்கத்துப் பாலஸ்தீனர். கொண்டைக்கடலை விழுதான அவர்களுடைய ஹம்மூஸில் நுட்பம் கடலையை வேகவைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. 250 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து வடித்து, ஒரு தேக்கரண்டி சோடா உப்போடு, தண்ணீர் விடாமல், மூன்று நிமிடம் அடுப்பில் கிளறச் சொல்கிறார்கள். சோடாவின் காரம் கடலைத் தோலை நெகிழ்த்துகிறது. பிறகு தண்ணீர் விட்டு வேகவைத்தால், கழன்று மிதக்கும் தோலை நுரையோடு எடுத்துவிடலாம். வெந்ததைக் கெட்டியாக அரைத்து, எள் விழுதான தஹினி 270 கிராம், எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு சேர்த்த பிறகு, மிக்ஸி ஓட ஓட 100 மில்லி ஐஸ் தண்ணீர் மெல்ல இறங்குகிறது. காய்ந்த கடலையின் எடைக்கு மேலேயே தஹினி இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஹம்மூஸில் எள் ஒப்புக்குச் சேர்ப்பதில்லை, அதுவும் ஒரு தலைவன். ஐந்து நிமிடம் அரைபட்டதும் விழுது வெளுத்து, பஞ்சாகி, நாக்கில் ஒட்டாமல் வழுக்குகிறது.

மூன்றிலும் கடைக்குப் போய்த் தேட வேண்டிய அபூர்வப் பொருள் எதுவும் இல்லை. தஹினி கிடைக்காவிட்டால், தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் லேசாக வறுத்து, வழுவழுவென்று அரைத்துக்கொள்ளலாம். இந்தச் சமையலின் பெருமை எதைச் சேர்ப்பது என்பதில் இல்லை. எதை எடுப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதில் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் கை மிளகாய்த்தூள் டப்பாவை நோக்கித் தானாகவே நீளும். முதல் தடவை மட்டும் அதைத் தடுத்து வையுங்கள். வெங்காயத்தை நறுக்காதீர்கள், ஆரஞ்சை உரிக்காதீர்கள், ஐஸ் தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் விடாதீர்கள். எழுதியவர் சொன்னபடி ஒருமுறை செய்து ருசித்துவிட்டு, அடுத்த முறை உங்கள் கைமணத்தைக் காட்டுங்கள்.