தோற்ற பகடையின் ருசி

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடையின் துணையோடு கதை வளர்க்கும் ஆட்டங்களில் நூற்றுக்கணக்கான விதிமுறைகள் உண்டு. எதை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் அட்டைப்படத்து டிராகனோ பேயோ தீர்மானித்துவிடுகிறது. நான் முதலில் பார்ப்பது வேறு: பகடை காலை வாரினால் என்ன நடக்கிறது?

கிடங்கின் பூட்டை ஒரு திருடி நெம்புகிறாள். காவலாளியின் காலடி நெருங்குகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் தந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் இன்றைய பதிப்பில், இருபது பக்கப் பகடையை உருட்டித் திறமையைக் கூட்ட வேண்டும். 15 தேவை என்றால், 14 வந்தாலும் பூட்டு திறக்காது. அவ்வளவுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஐந்து சதவீத வாய்ப்பு என்பதால் தேர்ந்த திருடிக்கும் 2 விழும். எனக்கு இது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் போர்க்களம், மந்திரம், முதல் நிலையிலிருந்து இருபதாம் நிலைவரை மாதக்கணக்கில் வளரும் வீரன் என்று ஆசைப்படுகிற குழுவுக்கு இதுதான் விருந்து.

அதே பூட்டை வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010இல் வெளியிட்ட ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ விதியில் நெம்பிப் பாருங்கள். இரண்டு சாதாரணப் பகடைகள். கூட்டுத்தொகை பத்தும் மேலும் வந்தால் வெற்றி. ஆறும் கீழும் வந்தால் வம்பு. ருசியெல்லாம் ஏழிலிருந்து ஒன்பதுக்குள் இருக்கிறது. பூட்டு திறக்கும், ஆனால் கம்பி உள்ளேயே முறிந்து நிற்கும். பார்த்த மாத்திரத்தில் காவலாளிக்கு விளங்கிவிடும். திறமைக்கு ஒரு புள்ளி கூட்டினால் 36 சேர்க்கைகளில் 16 இந்த நடுப்பகுதியில்தான் விழும். அதாவது, கதை தேங்கி நிற்பது அபூர்வம். கஷ்டம் முழுக்க ஆட்டத்தை நடத்துகிறவர் தலையில். அந்த ‘ஆனால்’களை அவர்தான் அந்தக் கணத்தில் யோசித்துச் சொல்ல வேண்டும், அலுவலகத்தில் மண்டை காய்ந்து வந்தவரிடம் இதைக் கொடுத்தால் மூன்றாவது உருட்டலிலேயே சரக்கு தீர்ந்துவிடும்.

நடத்த ஆளே இல்லையென்றால் ‘ஃபியாஸ்கோ’ இருக்கிறது: மூன்று முதல் ஐந்து பேர், ஒரே மாலை, எல்லோருக்கும் சமப் பொறுப்பு.

என் மனதுக்கு நெருக்கமானது எபிடயா ராவச்சோலின் திகில் ஆட்டமான ‘ட்ரெட்’. இதில் பகடையே கிடையாது. மேசை நடுவில் ஜெங்கா கோபுரம், 54 மரக்கட்டைகள். ஆபத்தான காரியம் எதுவானாலும் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். கோபுரம் சரிந்தால் உருவியவரின் பாத்திரம் கதையைவிட்டே போய்விடும். ஒரு மணி நேரம் போனதும் பாருங்கள்: அதுவரை ஓயாமல் ஜோக்கடித்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலால் கட்டையை மெல்லத் தட்டிப் பார்ப்பார். திருடியின் பயம் அவர் விரலுக்கே வந்துவிடும். எந்தக் கூட்டல் கணக்கும் இதைச் செய்ததில்லை. (ஆடாத மேசை முக்கியம்.)

ஆகவே புதிய குழுவுக்கு முதல் மாலை ‘ட்ரெட்’ போடுவேன். அடுத்த வாரமும் அதே பாத்திரமாக வர ஏங்குகிறவர்களை டிராகன்களிடம் அனுப்பலாம். ‘ட்ரெட்’டில் கட்டையை உருவ மறுத்தால் தோல்வி மட்டுமே, உயிர் தப்பும். கோபுரத்தை வேண்டுமென்றே தள்ளினாலோ நினைத்தது நடக்கும், பாத்திரம் சாகும் என்று ஒரு விதி உண்டு. கூட்டாளிகளைக் காப்பாற்ற ஒரே வீச்சில் கோபுரத்தைத் தட்டிவிடுகிறவர் கிடைத்தால், அவரை ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ மேசைக்குப் பிடித்துப் போட்டுவிடுங்கள்.