ஓட்டை போட்ட ரேடியோவும் ஒரிஜினல் மோகமும்

பிசி-348 என்று ஒரு அமெரிக்க ராணுவ ரிசீவர். இரண்டாம் உலகப்போரில் பி-17, பி-24, பி-29 குண்டுவீச்சு விமானங்களில் பறந்தது. 200 முதல் 500 கிலோஹெர்ட்ஸ், அதன்பின் 1.5 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் என ஆறு பேண்டுகள். விமானத்தின் 28 வோல்ட்டை வால்வுகளுக்குத் தேவையான உயர் வோல்டேஜாக மாற்ற, உள்ளேயே சுழலும் ஒரு டைனமோட்டர்.

போர் முடிந்ததும் இவை உபரிச் சரக்காகச் சந்தைக்கு வந்தன. 1941 டிசம்பரில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஹாம்கள் 1945 இறுதியில் மறுபடி அலைவரிசைக்குத் திரும்பிய நேரம் அது. வாங்கினார்கள், உடனே வெட்டினார்கள். டைனமோட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வீட்டுக் கரண்டுக்கான பவர் சப்ளையை வைத்தார்கள். வால்வு ஃபிலமென்ட் வயரிங்கை 6.3 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். சிலர் முன் பேனலில் ஓட்டை போட்டு சிக்னல் மீட்டரும் பொருத்தினார்கள்.

இன்று அப்படி ஒரு பெட்டி கைக்கு வந்தால் சேகரிப்பாளர் சொல்லும் முதல் வார்த்தை: "கெடுத்து வச்சிருக்காங்க, ஒரிஜினலுக்கு மாத்தணும்."

இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இது ஹாம் ரேடியோவே கிடையாது. அந்த வெட்டு ஒட்டுதான் இதை ஹாம் ரேடியோ ஆக்கியது. விமானத்தில் இருந்தது அதிகபட்சம் சில வருஷம். ஹாம் மேசையில் அதைவிடப் பல மடங்கு காலம். இதில் எந்த வாழ்க்கை ஒரிஜினல்? எங்க மென்பொருள் வேலையில் இப்படிப் பிரிந்து வளர்வதை ஃபோர்க் என்போம். ஃபோர்க்கை அழித்துவிட்டு அதைப் பழுதுபார்த்தேன் என்று யாரும் சொல்வதில்லை.

அதுக்காக எல்லா ஓட்டையும் புனிதம் இல்லை. மூன்று கேள்வி கேட்கலாம்.

ஒன்று, ஆபத்தானதா? எர்த் இல்லாத மெயின்ஸ் ஒயர், கசியும் பழைய பேப்பர் கெபாசிட்டர் இரண்டையும் யோசிக்காமல் மாற்றுங்கள். இதில் சென்டிமென்ட் வேண்டாம்.

இரண்டு, அந்த மாற்றம் வேலை செய்கிறதா? பாதியில் கைவிட்ட வயரிங்கைக் கழற்றலாம். ஒழுங்காக ஓடும் பவர் சப்ளையைக் கழற்ற என்ன காரணம்?

மூன்று, திரும்பப் பெற முடியுமா? வயரிங்கைத் திருப்பலாம். பேனலில் போட்ட ஓட்டையைத் திருப்ப முடியாது. அதை அடைத்து, பெயிண்ட் அடித்து, எழுத்துகளையும் புதிதாக அச்சிட்டு 'ஒரிஜினல்' என்று விற்றால் அது பொய்.

பி-17 விமானத்தைக் காட்சிக்கு வைப்பவருக்கு ராணுவ வடிவம் தேவைதான். அவர் வெட்டுப்படாத பெட்டியாகப் பார்த்துத் தேடட்டும். பிசி-348 பெரும் எண்ணிக்கையில் தயாரானது, அப்படிப்பட்டவையும் தப்பியிருக்கின்றன.

எந்த முடிவு எடுத்தாலும், சால்டரிங் அயனைச் சூடாக்கும் முன் போட்டோ எடுத்து, இப்போதிருக்கும் சர்க்யூட்டை அப்படியே வரைந்து வையுங்கள். ராணுவ சர்க்யூட் அதன் கையேட்டில் இருக்கிறது. பேர் தெரியாத அந்த ஹாம் செய்தது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது.