நாற்பது வயதில் முதல் சைக்கிள்: எதை வாங்கலாம்?

ஓட்டத் தெரியாத பெரியவர் ஒருவர் கடைக்குள் போய் சைக்கிள் கேட்டால், பெரும்பாலும் அவரை நேராக முன்பக்க சஸ்பென்ஷன், டபுள் டிஸ்க், 21 கியர் நிற்கும் வரிசைக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு இவ்வளவும் வருகிறதே என்று நமக்கும் ஆசை தட்டும். ஆனால் புதிதாகக் கற்கும் பெரியவருக்கு முதலில் வேண்டியது வேறு. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். சின்னப் பிள்ளை விழுந்தால் முட்டி சிராய்க்கும், எழுந்து ஓடிவிடும். நாற்பது வயதில் மணிக்கட்டும் இடுப்பும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அந்தப் பயம் போகாமல் பேலன்ஸ் வராது.

இதைச் சோதிக்க மூன்று வகை சைக்கிள்களை எடுத்துக்கொண்டோம். நான் பள்ளி நாளிலிருந்து ஓட்டுகிறவன் என்பதால் என் தீர்ப்பு பாதிக்குத்தான் செல்லும். மீதி என் அண்ணியுடையது. வயது 44, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், சைக்கிளில் ஏறியதே இல்லை.

முதலில் பால்காரர்கள் வைத்திருக்கும் பழைய மாடல், 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட பார் வைத்த சைக்கிள். உழைப்புக்கு இதை மிஞ்ச ஆளில்லை. கேரியரில் ஒரு மூட்டை அரிசியை ஏற்றினாலும் அசராது, எந்தத் தெருமுனைக் கடையிலும் ஸ்பேர் கிடைக்கும். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் கற்ற பெண்கள் பலர் இந்த ஆண்கள் சைக்கிளில்தான் பழகினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே அதை விரும்பியவர்களும் உண்டென்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர ஓர் இயக்கமே இருந்தது. தனியாகக் கற்பவருக்கு இது உயரம். அண்ணி சீட்டை அடிவரை இறக்கியும் கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது. "தம்பி, இது எனக்கு வேணாம்" என்று இறங்கிவிட்டார். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பது இன்னொரு குறை.

அடுத்தது, கடைக்காரர் கைகாட்டிய அந்த 'மவுண்டன் பைக்'. நிறுத்தி வைத்துப் பார்க்க அழகுதான். முன் ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே வெறும் ஸ்பிரிங், அமுங்கிய வேகத்திலேயே துள்ளி மேலே வந்தது. குண்டு குழியில் அது உதவுவதைவிட, அதன் எடையை நாம் சுமப்பதுதான் அதிகம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'சர்க்' என்று டிஸ்க் உரசியது. இந்த விலையில் வரும் கேபிள் டிஸ்க்கில் தகடு இம்மி வளைந்தாலும் இப்படித்தான். சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லையென்றால் அந்தச் சத்தத்தோடுதான் குடித்தனம். முரட்டுப் பட்டன் டயர் தார் ரோட்டில் இழுக்கிறது. மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. எனக்கு ஓட்ட முடிந்தது, பிடிக்கவில்லை. அண்ணிக்கு இரண்டு கையிலும் கியர், இரண்டு கையிலும் பிரேக் என்பதே குழப்பமாகிவிட்டது.

மூன்றாவது, நடுவில் வளைந்த ஃபிரேமும் 26 அங்குலச் சக்கரமும் கொண்ட, கியர் இல்லாத சைக்கிள். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் லேடிபேர்ட் இந்த வகைக்குத் தெரிந்த பெயர், வேறு கம்பெனிகளிலும் உண்டு. காலைத் தூக்கி வீசாமல் உள்ளே வைத்து ஏறிவிடலாம். முழு செயின் கவர் இருப்பதால் பேன்ட்டோ புடவையோ செயினில் சிக்காது. பின்சக்கரத்தில் துப்பட்டா மாட்டாமலிருக்க வலை போன்ற தடுப்பும் இருந்தது. சீட்டை இறக்கியதும் அண்ணியின் பாதம் இரண்டும் தரையில். கேள்வியே கேட்காமல் இதைத்தான் எடுத்தார். நாங்கள் பார்த்த சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு சுற்று மிதித்தால் ஏறத்தாழ ஐந்து மீட்டர் போகும். சென்னை, தஞ்சாவூர் மாதிரி சமதளத்துக்கு இது தாராளம். ஊட்டியிலோ ஏற்காட்டிலோ இருப்பவர்கள் பின்பக்கம் மட்டும் ஏழு கியர் உள்ளதைப் பார்க்கலாம். 'லேடீஸ் சைக்கிள்' என்று ஆண்கள் தயங்குவது வீண். நெதர்லாந்தில் இப்படிப்பட்ட சைக்கிளை ஆண்களும் கூச்சமின்றி ஓட்டுகிறார்கள்.

கற்பதற்கு ஒரு வழி: பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 15 எம்.எம். ஸ்பேனர் போதும். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துவிடாதீர்கள். பிறகு லேசான சரிவில் தரையைக் காலால் உந்தி உந்திப் போகவேண்டும். இரண்டு காலையும் தூக்கியபடி பத்துப் பதினைந்து அடி உருள முடிந்தால் பெடலை மாட்டலாம். ஓட்ட வந்தபின் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடிந்திருப்பதுதான் சரியான உயரம். பலர் இதைச் செய்யாமல் முட்டி வலிக்கிறது என்று சைக்கிளைப் பால்கனியில் போட்டுவிடுகிறார்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியில் பாதி பூட்டியும் பூட்டாமலும் வரும். வீட்டிலேயே மாட்டுகிறவர்கள் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பிவிடுவதைத் தெருவில் பார்க்கிறேன். ரிம்மைப் பிடிக்கும் முன்பிரேக் ஃபோர்க்கின் முன்னால்தான் நிற்கவேண்டும். மெக்கானிக்குக்குச் சில நூறு ரூபாய் கொடுப்பது மேல். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் காசில் ஒரு பூட்டும் கைப்பம்பும் வாங்கலாம். பழைய மாடல்களின் வால்வுக்கு பெட்ரோல் பங்க் குழாய் பொருந்தாது. பைக் வால்வு உள்ள ட்யூப் என்றால் அங்கேயே காற்றடிக்கலாம். எத்தனை பி.எஸ்.ஐ. என்பது டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும்.

அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் தூசி படிந்து நிற்கும் சைக்கிள்களில் ஒன்றைப் பாதி விலைக்குக் கேட்டு வாங்குவதும் நல்ல யோசனைதான். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் இருக்கிறதா, பெடல் தண்டைப் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கிறதா என்று பாருங்கள். கோட்டம் எடுத்துவிடலாம், டயர் மாற்றிவிடலாம். ஃபிரேமில் வெல்டிங் செய்த இடத்தில் விரிசலோ துருவோ தெரிந்தால், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.