ஆங்கிலத் தொகைச்சொற்கள்: அசைப்பிரிப்பும் ஒட்டேற்பும்

கொல்கத்தாவின் பெஹாலா வழியே செல்லும் டயமண்ட் ஹார்பர் ரோடு மூன்று ஆங்கிலச் சொற்களாலான பெயராகும். இதனை இடப்பொருளில் வழங்கும் வங்காளியர் ‘ஏ’ என்னும் ஒட்டினை இறுதிச் சொல்லோடு மட்டும் சேர்த்து ‘ரோடே’ என்பர். தமிழில் அது ‘ரோட்டில்’ ஆகிறது; ‘வீடு’, ‘வீட்டில்’ ஆவதுபோல நெடில்தொடர்க் குற்றியலுகர நெறிப்படி டகரம் இரட்டிக்கிறது. ஒட்டு சேர்வதால் அசை மாறுவது இறுதி உறுப்பில் மட்டுமே. முன்னிரு உறுப்புகளும் இரு மொழிகளிலும் மாறாமல் நிற்கின்றன.

தமிழ்த் தொகைகளைச் சேர்த்தெழுதுவதுபோல ஆங்கிலத் தொகைகளையும் சேர்த்தே எழுதவேண்டும் என்பர் ஒருசாரார். இக்கருத்து ஆய்வுக்குரியது. ‘கருமை’யும் ‘பலகை’யும் புணர்ந்து ‘கரும்பலகை’ ஆகும்போது சொல்லெல்லையில் ஈறு கெட்டு மெல்லெழுத்து மிகுகிறது. ‘பிளாக் போர்டு’ என்பதில் அத்தகைய திரிபு எதுவும் இல்லை. திரிபு இல்லாதவிடத்துச் சேர்த்தெழுதினால் எல்லையைக் காட்டும் குறி எதுவும் எஞ்சுவதில்லை.

இதன் விளைவை மொழியியலார் நன்கறிந்த ஓர் இணை தெளிவாக்கும். ‘நைட் ரேட்’ இரவுக் கட்டணம், ‘நைட்ரேட்’ வேதிப்பொருள். ஆங்கிலத்தில் முன்னதன் டகர ஒலி முதலசையை மூடுகிறது. பின்னதில் அதுவே ரகரத்தோடு கூடி அடுத்த அசையைத் தொடங்குகிறது. சேர்த்தெழுதும் தமிழ் வடிவில் இரண்டும் ஒன்றாகிவிடும்; இடைவெளி ஒன்றே வேறுபாட்டைக் காக்கும்.

ஒட்டேற்பில் மூலமொழியைப் பின்பற்றுதல் பொருந்தாது. ‘அட்டர்னி ஜெனரல்’ என்பதன் பன்மை ஒட்டினை ஆங்கில மரபு முதற்சொல்லில் சேர்க்கிறது. தமிழிலோ அது ‘அட்டர்னி ஜெனரல்கள்’ என இறுதியிலேயே சேரும். மூலத்தில் ஒட்டு எங்கிருப்பினும் தமிழில் அதன் இடம் தொகையின் ஈறே.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். ‘போஸ்ட் ஆபீஸ்’ பேச்சுவழக்கில் ‘போஸ்டாபீஸ்’ ஆகியுள்ளது. முதற்சொல்லின் ஈற்று மெய் வருஞ்சொல்லின் உயிரோடு கூடி ஓரசையானமையின் உள்ளெல்லை அழிந்து, தொகை தனிச்சொல்லாயிற்று. அதனைச் சேர்த்தெழுதுதலே முறை. ஆயின் இது வழக்கு தந்த முடிபு. எழுதுவோர் எல்லாத் தொகைகளுக்கும் விதிக்கத்தக்கதன்று.

எனவே, மொழிபெயர்ப்பாளர் முதலில் உறுப்பெல்லையையும், அதன்பின் அசையையும் நோக்கி, இறுதி உறுப்பின் ஈற்றுக்கேற்ப ஒட்டினைச் சேர்த்தல் வேண்டும். வரியிறுதியில் சொல்லைப் பிரிக்கும் அச்சுப்பணிக்கும் இவ்வரிசையே பொருந்தும்.