தெரிந்த கதையின் குளம்பொலி

1996 மார்ச் 17 அன்று லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியா எடுத்த 241 ஓட்டங்களை இலங்கை ஏழு விக்கெட்டுகள் கையிலிருக்கக் கடந்தது என்பதை அறியாதவர் எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. எனினும், அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது குவித்த 107 ஓட்டங்களின் பதிவு எப்பொழுது ஒளிபரப்பானாலும், மலையிலிருந்து வேலை முடிந்து இறங்கியவர்கள் கைகால் கழுவவும் மறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தில் மனத்தின் பரபரப்பு அடங்கி, பந்தை விட்டு மணிக்கட்டை நோக்கக் கண்ணுக்கு அவகாசம் வாய்க்கிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவலைப் படித்து முடித்த கையோடு, அதிலிருந்து பிறந்த ‘விடாது கருப்பு’ தொடரைப் பார்த்தபோது எனக்கு வாய்த்ததும் அத்தகைய அவகாசமே.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ‘மர்ம தேசம்’ வரிசையில், நாகாவின் இயக்கத்தில் சன் தொலைக்காட்சியில் வந்த தொடர் அது. தலைப்பு மாறியதிலேயே பார்வையும் மாறிவிட்டது. ‘விட்டு விடு’ என்பது அஞ்சியவன் காலில் விழுந்து செய்யும் பிரார்த்தனை. ‘விடாது’ என்பதோ துரத்தி வரும் சக்தியின் பிரகடனம். நாவலில் அஞ்சுவோரோடு கதவடைத்து உள்ளே இருந்த என்னை, தொடர் வெளியே இருளில் கொண்டு நிறுத்தி, காவல் தெய்வம் கருப்பசாமி ஏறிவரும் வெள்ளைக் குதிரையின் குளம்பொலியைக் காதருகே கேட்கச் செய்தது. அந்த ஒலி எழுத்துக்கு எட்டாத வெற்றி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இழப்பும் உண்டு. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக்கு ஒரு சாமியையும், தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதை முனியையும் காவல் வைத்துக் கும்பிட்ட பரம்பரையில் வந்தவன் ஆதலால், வாசிக்கையில் கருப்பசாமிக்கு நான் கொடுத்த முகம் எங்கள் தேயிலை மலையில் மரத்தடியில் நிற்கும் முனியாண்டியின் முகம். திரையில் வேறொரு முகம் வந்ததும், என் முனியாண்டி மௌனமாக விலகிப் போனார். இன்றுவரை அந்தப் பக்கங்களுக்கு அவர் திரும்பவில்லை.

நடிப்பின் பெருமை ராஜேந்திரன் என்னும் பாத்திரத்தில் இருக்கிறது. சிறுவனாக லோகேஷும் வளர்ந்தவனாகச் சேத்தனும் வர, இரு காலங்களும் பின்னிப் பின்னிச் செல்லும் அமைப்பில், ஒரே உயிரை இரண்டு உடல்களில் நம்பவைக்க வேண்டிய கடினமான பொறுப்பு அவ்விருவருக்கும். கதையை அறியாதவர் குதிரை எப்போது வரும் என்று வாசலைப் பார்த்திருக்க, அறிந்த நான் சேத்தனின் சாந்தமான முகத்தையே ஆராய்ந்து, அந்தச் சாந்தம் எத்தனை உழைப்பால் ஆனது என்பதை உணர்ந்தேன். (முடிவை இங்கே சொல்வது, இன்னும் படியாதவருக்குச் செய்யும் துரோகம்.)

மாசி மாதத்தில் காமன் பொட்டலில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, முடிவு தெரிந்த கதையில் இப்படி ஆழ்வது புதிதன்று. மதன் எரியப்போவதைக் கைக்குழந்தையும் அறியும். ஆயினும் தப்பின் ஒலி தாழ்ந்து ரதி புலம்பத் தொடங்கும்போது, ஐம்பது வருஷமாக அதைக் கேட்டுவந்த கிழவியரே முதலில் கண்ணைத் துடைப்பார்கள்.

தொடரின் நடுவில் ஓரிரவு, இந்தப் பக்கத்தில் இதுதான் என்று நான் விரல் வைத்துச் சொல்லக்கூடிய ஓர் இடத்தில் குளம்பொலி எழுந்தது. புத்தகத்தைக் கண்ணாலும் பாராத பக்கத்து லயத்து அம்மாயி, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, எழுந்து நின்று கும்பிட்டார்.