நிழலுக்குப் பட்டா யாருக்கு?

வருவாய்த்துறைக் கணக்கில் நத்தம் என்றால் மக்கள் குடியிருக்கும் இடம். புறம்போக்கு என்றால் தனியார் யாருக்கும் எழுதிக் கொடுக்காத இடம். திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் அந்தச் சொல்லையே பெயராகச் சுமக்கும் பேரூராட்சி. கரந்தமலையும் சிறுமலையும் பார்வைக்கு எட்டும் தூரத்தில் நிற்க, மாவுக்கும் புளிக்கும் பேர்போன வட்டாரம்; ஆனாலும் சித்திரை வெயிலில் கடைவீதி தகிக்கத்தான் செய்கிறது. இப்படிப்பட்ட ஊரில் மரக்கன்று நடுவது நல்லதா என்று யாரும் விவாதிக்கப் போவதில்லை. நடப்படும் மரத்தின் நிழல் யாருக்குக் கிடைக்கிறது, வெட்டப்பட்ட மரம் விட்டுப்போன வெயில் யார் தலையில் இறங்குகிறது என்பதைத்தான் விவாதிக்க வேண்டும். இவர்கள் இருவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதில்லை. மரநடுகை இயக்கங்களின் பெரிய ஓட்டை இதுதான்.

மதுரையை நத்தத்தோடு இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 785-ஐ எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் இதில் மதுரை நகருக்குள் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலமும், 24.4 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையும் திறக்கப்பட்டன. சாலை வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாங்காய் லாரிக்கும் ஆம்புலன்சுக்கும் அது வேண்டும். ஆனால் சாலை அகலமாகும்போது முதலில் சாய்வது இரு ஓரத்துப் பழைய மரங்கள்தான். வெட்டிய ஒன்றுக்குப் பத்து நட வேண்டும் என்பது தமிழ்நாட்டில் பழகிப்போன பரிகாரம். அந்தப் பத்தும் கண்மாய்க் கரையிலோ பள்ளி மைதானத்திலோ, இடம் கிடைத்த ஏதோ ஒரு பொட்டலிலோ போய்ச் சேர்ந்தாலும் காகிதத்தில் கணக்கு நேராகிவிடும். ஏசி காரில் போகிறவருக்கு இதில் இழப்பே இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவர், வெள்ளரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருப்பவர், அடுத்த ஊருக்கு நடந்து போகிறவர் ஆகியோருக்குத்தான் நஷ்டம். ஒரு புளியமரம் காய்க்கத் தொடங்கவே பத்தாண்டு வரை ஆகும். சாலையை மூடிக் குடை பிடிக்க ஒரு தலைமுறை வேண்டும். ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்தில் இந்தக் காலமும் இல்லை, இடமும் இல்லை.

எண்ணிக்கை இல்லாமல் இயக்கமே நடக்காது என்பார்கள். அதில் உண்மை உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தால், காடும் மரமும் மூடிய பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவது என்ற இலக்கு இருந்ததால்தான் நாற்றங்கால்களையும் துறைகளையும் ஒன்றாக முடுக்க முடிந்தது. நாட்டு மரங்களுக்கு அது தந்த முக்கியத்துவமும் பாராட்டத்தக்கது. ஆனால் விழுக்காடு என்பது சராசரி. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று நம்பி இறங்கியவன் கதைதான். அமெரிக்காவில் 108 நகரங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வொன்று, 1930-களில் கறுப்பின மக்கள் வாழ்ந்ததால் கடன் தரத் தகாதவை என்று வரைபடத்தில் சிவப்புக் கோடிட்டு ஒதுக்கப்பட்ட பகுதிகள், மற்ற பகுதிகளைவிட இன்றும் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாவதைக் காட்டியது. நம் ஊர்களில் அந்த வேலைக்கு வரைபடமே தேவைப்படவில்லை. ஊர் ஒருபக்கம், காலனி ஒருபக்கம் என்று சாதியே கோடு போட்டு வைத்திருக்கிறது. மூன்று சென்ட் மனையில் தொகுப்பு வீடு கட்டிய தெருவில் மரத்துக்கு மண் எங்கே மிச்சம்? 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் வைத்தது. வெயிலில் வேலை செய்கிறவர் செத்தபின் வருகிற அந்தத் தொகையோடு ஒப்பிட்டால், அவர் நிற்கும் இடத்தில் முன்கூட்டியே ஒரு வேம்பு வளர்ப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

இடமில்லை என்பது அடுத்த தடை. சென்னை மாநகராட்சி 2020 முதல் சிறு இடங்களில் நெருக்கி நட்டு வளர்க்கும் மியாவாக்கி காடுகள் இதற்கு விடை போலத் தோன்றும். பறவைக்கும் பூச்சிக்கும் அவை நல்லவை, சந்தேகமில்லை. ஆனால் வேலி போட்ட அடர்காட்டுக்குள் துண்டை விரித்துப் படுக்க முடியாது. குறுகிய தெருவுக்குள் முடியாவிட்டால் தெருமுனையில், தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடை வாசலில் ஒரு புங்கனோ பூவரசோ போதும். இடத்தைவிடப் பெரிய சிக்கல், அதற்கு மூன்று கோடை தண்ணீர் ஊற்றுவது யார் என்பது. குழி தோண்டும் நாளில் இருக்கும் கூட்டம் வைகாசியில் இருப்பதில்லை.

இதற்கு நம்மிடமே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது: 2சி பட்டா. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை மட்டும் ஒருவர் அனுபவிக்கலாம். நிலம் அரசுடையதாகவே இருக்கும். அதன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்துக் காட்டுக்காரரும் கிராம அலுவலகத்தில் செல்வாக்குள்ளவரும் மர உரிமையைக் காட்டி மெல்ல மண்ணையும் வளைக்க அது வழிவிடும். ஆனாலும் சாலையோரப் புளியை ஏலம் விட்டு, கிளையை அடித்து நொறுக்கும் குத்தகைக்காரரிடம் ஒப்படைப்பதைவிட, வளர்ப்பவரை மரத்தோடு கட்டிப்போடும் அந்த யோசனை மேலானது. நிலமில்லாத குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், கால வரம்போடு கொடுத்தால் வளைத்துப் போடும் ஆபத்தும் குறையும். பலன் வரும்வரை கூலி வேண்டும் என்பது உண்மைதான். ஊரக வேலை உறுதித் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கானது. பேரூராட்சியான நத்தத்துக்குள் அது வராது. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை 2022-இல் சில பேரூராட்சிகள் உள்ளிட்ட, தேர்ந்தெடுத்த நகர்ப்புற உள்ளாட்சிகளில் மட்டும் முன்னோட்டமாக அரசு தொடங்கியது. அந்த வேலைப் பட்டியலில் குளம் தூர்வாருவதற்குப் பக்கத்தில், நட்ட கன்றுக்கு மூன்று கோடை குடம் சுமப்பதையும் ஒரு வேலையாக எழுதிச் சம்பளம் போடலாம்.