இரண்டாம் முறை படிக்கும் நூல்

ஒரு நூல் நல்ல நூல்தானா என்று அறிவதற்குத் திறனாய்வாளர்கள் பல அளவுகோல்களை வகுத்துள்ளனர். உருவம், உள்ளடக்கம், உத்தி, சமுதாயப் பார்வை என்று அவை விரியும். நாள் முழுவதும் கோப்புகளோடு உழன்றுவிட்டு, மாலையில் பேருந்தில் இடம் கிடைத்தால் அமர்ந்தும் கிடைக்காவிட்டால் நின்றும் படிக்கின்ற நம்மைப் போன்ற வாசகர்களுக்கு அவை யாவும் கைகூடுவதில்லை. நமக்கு எட்டுவது ஒரே ஓர் அளவுகோல்தான். படித்து முடித்த நூலை மீண்டும் ஒருமுறை எடுக்க மனம் விழைகிறதா? எடுத்தால், முதல் முறை கிட்டாத ஒன்று இரண்டாம் முறை கிட்டுகிறதா?

இந்த அளவுகோல் நாம் புதிதாகச் செய்ததன்று. பண்புடையாரின் நட்பு பழகப் பழக இனிப்பதைக் கூற வந்த வள்ளுவர், படிக்கப் படிக்கச் சுவை கூடும் நூலையே உவமையாக்கினார். உவமை என்பது கேட்போர் முன்பே அறிந்த பொருளாக இருத்தல் வேண்டும். ஆகவே, நல்ல நூல் திரும்பப் படிக்கும்போது வளரும் என்பது அவர் காலத்திலேயே விளக்கம் வேண்டாத செய்தியாக இருந்தது என்று கொள்ளலாம்.

இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அண்மையில் மூன்று நூல்களை மறுபடியும் படித்தோம். சுஜாதாவின் மர்ம நாவலான ‘கொலையுதிர் காலம்’, அசோகமித்திரனின் சமூக நாவலான ‘தண்ணீர்’, ஞானக்கூத்தனின் கவிதைத் தொகுதியான ‘அன்று வேறு கிழமை’ ஆகியனவே அவை. மூன்றும் புதியன அல்ல. அவற்றை எழுதிய மூவரும் இன்று நம்மிடையே இல்லை. சுஜாதா 2008ஆம் ஆண்டிலும், ஞானக்கூத்தன் 2016ஆம் ஆண்டிலும், அசோகமித்திரன் 2017ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

இம்மூவரையும் ஒருங்கே நிறுத்துவதற்குத் தலைநகர்த் தமிழர்களாகிய நமக்கு ஒரு காரணம் உண்டு. 1965ஆம் ஆண்டில் கஸ்தூரிரங்கன் டில்லியில் தொடங்கிய ‘கணையாழி’ இதழின் கடைசிப் பக்கத்தில், ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்ற பெயரில் எழுதியவர் சுஜாதா. அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பைப் பல ஆண்டுகள் சுமந்தவர் அசோகமித்திரன். ஞானக்கூத்தனின் கவிதைகளும் அவ்விதழில் வெளிவந்தன. மர்மக் கதைக்காரர், நாவலாசிரியர், கவிஞர் ஆகிய மூவரும் ஒரே இதழின் தாள்களுக்கிடையே அருகருகே இருந்தனர். நூலகங்களில்தான் அவர்கள் வெவ்வேறு அலமாரிகளுக்குப் பிரிக்கப்பட்டனர்.

மர்மம் நீங்கிய பின் எஞ்சுவது

மர்ம நாவல் என்றாலே முகம் சுளிப்போர் நம்மிடையே இன்றும் உளர். அந்தச் சுளிப்பு பழையது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் ஆங்கிலக் கதைகளைத் தழுவியும் தாமாகப் புனைந்தும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்த காலத்திலேயே, ‘இவை நேரத்தைக் கெடுப்பவை’ என்ற கண்டனமும் எழுந்தது. ஆனால் தமிழில் உரைநடையை வேகமாகப் படிக்கும் பழக்கத்தைப் பல வீடுகளுக்குள் கொண்டு சென்றவை அந்த நாவல்களே என்பதை மறுத்தல் இயலாது.

‘கொலையுதிர் காலம்’ 1981ஆம் ஆண்டில் குமுதம் வார இதழில் தொடராக வந்தது. பெரும் சொத்துக்கு உரியவளாகப் போகும் லீனா என்ற இளம்பெண், சொத்தை நிர்வகிக்கும் அவளுடைய சித்தப்பா குமாரவியாசன், சட்ட அலுவலாக அங்கே செல்லும் வழக்கறிஞர் கணேஷ், அவனுடைய உதவியாளன் வசந்த், இவர்களுக்கு நடுவே நிகழும் அமானுஷ்யம் போன்ற சம்பவங்கள் என்று கதை விரைகிறது. முடிவை நாம் கூறப்போவதில்லை. மர்ம நாவலின் முடிவை வெளியிடுவது, பிறர் பசிக்கு வைத்த சோற்றை நாம் உண்பது போலாகும்.

முடிவு தெரிந்த பின்னும் இந்நாவலை இரண்டாம் முறை படிக்க முடிகிறதா? முடிகிறது என்பதே நம் துணிபு. முதல் வாசிப்பில் நம்மை இழுத்துச் சென்ற அச்சம் இரண்டாம் வாசிப்பில் இல்லை. ஆயினும் அச்சத்தின் அடியில் ஓடிக்கொண்டிருந்த வாதம் அப்போதுதான் காதில் விழுகிறது. எதற்கும் ஓர் அறிவியல் விளக்கம் இருந்தே தீரும் என்று கணேஷ் நிற்கிறான். ஆவியாகவும் இருக்கலாம் என்று வசந்த் தயங்குகிறான். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா, அந்த வழக்கில் அறிவியலுக்கு முழு வெற்றி தந்து முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஐயத்தின் கதவைச் சற்றே திறந்து வைத்து அகன்றுவிட்டார். பைசல் செய்து கட்டிவைத்த கோப்பை எவரும் மறுமுறை பிரிப்பதில்லை. இந்தக் கோப்பு பைசலாகவில்லை. ஆதலால்தான் இது இன்னும் பிரிக்கப்படுகிறது.

குறையும் இரண்டாம் முறைதான் புலப்படுகிறது. முதல் முறை சிரிக்க வைத்த வசந்தின் குறும்புப் பேச்சு மறுமுறை சலிப்பூட்டுகிறது. பெண்களைக் கண்டபோதெல்லாம் அவன் வாயிலிருந்து உதிர்வன ஒரே அச்சில் வார்த்தவை. லீனாவோ கதைக்குத் தேவைப்படும் அளவுக்கு மேல் ஓர் உயிராக வளரவில்லை. ஆபத்துக்கு உள்ளாகும் பெண் எத்தகையவள் என்று நமக்குத் தெரியாதபோது, அவளுக்காக நாம் அஞ்சும் அச்சம் அடுத்த பக்கத்தைப் பற்றிய ஆவலாக மட்டுமே நின்றுவிடுகிறது.

மறைக்க ஒன்றுமில்லாத கதை

‘தண்ணீர்’ 1973ஆம் ஆண்டில் நூலாக வந்தது. அதன் கதையை முழுவதும் கூறிவிடலாம், எவருக்கும் நட்டமில்லை. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, அவள் தங்கை சாயா என்ற இருவர் ஒரு குடித்தனத்தில் வாழ்கின்றனர். திரைப்படத்தில் வாய்ப்பு வாங்கித் தருவதாகக் கூறிய பாஸ்கர் ராவ் என்பவனை நம்பி ஜமுனாவின் வாழ்வு சீர்குலைந்திருக்கிறது. வாழ்க்கையே வேண்டாம் என்று சோர்ந்திருப்பவளிடம், அதே தெருவில் வசிக்கும் டீச்சரம்மா தன் மணவாழ்வின் துன்பங்களை எடுத்துரைக்கிறாள். பின்னர் பாஸ்கர் ராவ் காரோடு வருகிறான். ஜமுனா அவனுடன் செல்லவில்லை. இவ்வளவே கதை.

இதில் மர்மம் இல்லை. திடுக்கிடும் திருப்பம் இல்லை. முதல் முறை படித்தபோது, தண்ணீரைக் குறியீடாக்கிய ஒரு சோகக் கதை என்றே நம் நினைவில் தங்கியது. இரண்டாம் முறை படிக்கும்போது குறியீடு பின்வாங்கித் தண்ணீரே முன்னால் வந்து நிற்கிறது. குழாயடியில் யார் முதலில் நிற்பது, யார் வீட்டுப் பம்பில் எத்தனை குடம் அடிக்கலாம், வீட்டுக்காரியிடம் எந்தக் குரலில் கேட்பது, சாலையைத் தோண்டிப் போட்ட பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்பனவற்றில்தான் நாவல் நடக்கிறது. டீச்சரம்மாவின் சொற்கள் ஜமுனாவுக்கு எந்தத் தத்துவத்தையும் போதிக்கவில்லை. அவளை எழுப்பி, குடத்தை எடுக்கச் செய்கின்றன. தம் துயரைவிட அண்டை வீட்டாரின் துயர் பெரிது என்று அறிந்தவர்க்கு ஆறுதல் கிடைக்கும் என்பது எளிய முடிவு; அசோகமித்திரன் அதைச் செய்யவில்லை. ஆறுதல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நாளைக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

பாஸ்கர் ராவ் ஒரு நிழலாகவே நின்றுவிடுகிறான் என்பது நமது முறையீடு. ஜமுனா அவனிடம் எதைக் கண்டு மயங்கினாள் என்பதை உணர்வதற்குப் போதிய இடம் நாவலில் இல்லை. ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றித் திரையுலகை அருகிருந்து கண்டவர் ஆசிரியர். அவர் விரும்பியிருந்தால் இந்த இடத்தை நிரப்பியிருக்கலாம்.

கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நிற்கும் வரிசைகளை டில்லியிலும் நாம் கண்டதுண்டு. அந்த வரிசையில் நிற்பவரின் மொழி தமிழன்று. எனினும் வாளியைக் கால்விரலால் முன்னே தள்ளும் அந்த அசைவை இந்நாவலைப் படித்தவர் அடையாளம் கண்டுகொள்வார்.

கூற இயலாத முடிவு

‘அன்று வேறு கிழமை’ வந்ததும் 1973ஆம் ஆண்டிலேதான். புதுக்கவிதை என்றால் யாப்பை உதறியது என்று எண்ணுவோர்க்கு ஞானக்கூத்தன் ஒரு வியப்பு. மரபின் சந்தத்தை வைத்துக்கொண்டே, அதற்குள் அன்றாடத் தெருவின் பேச்சையும் அங்கதத்தையும் இட்டார். ஓசை ஒரு பக்கம் இழுக்க, பொருள் மறுபக்கம் கண் சிமிட்டும்.

இத்தொகுதியை மீண்டும் படிக்கும்போது கவிதைகள் இரு கூறாகப் பிரிகின்றன. மேடை முழக்கத்தையும் அக்கால அரசியல் சொல்லலங்காரத்தையும் எள்ளியவை ஒரு கூறு. அறுபதுகளின் மேடைப் பேச்சைக் காதால் கேட்டவர்க்கு அவை இன்றும் இனிக்கும். டில்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கோ, எதை எள்ளுகிறார் என்பதையே முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கிய பின் சிரிப்பு வருவதில்லை. அங்கதம், தான் தாக்கிய பொருளோடு சேர்ந்தே முதுமை அடைகிறது.

மற்றைய கூறு அவ்வாறன்று. தலைப்புக் கவிதையையே எடுத்துக்கொள்வோம். சுடும் வெயிலில் நிழல் தேடி ஒரு நாய் பாடையின் அடியில் ஒதுங்குகிறது, உதைபடுகிறது. மனிதர்க்கு இறப்பாக இருப்பது அந்த நாய்க்கு வெறும் நிழல். இவ்வாறு நாம் பொருள் கூறிவிட்டோம். ஆனால் கவிதையைக் கூறவில்லை. அந்தத் தலைப்பு ஏன் அப்படி அமைந்தது என்ற வினா, நாம் தந்த பொருளுக்குள் அடங்காமல் வெளியே நிற்கிறது. ஒருநாள் ஒரு விடை தோன்றுகிறது. மற்றொரு நாள் வேறு விடை தோன்றுகிறது. சொல்லாத பொருளைச் சொன்ன பொருளுக்குள் வைப்பதை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியம் பேசியது. பெயர்கள் பழையன, வேலை இன்றும் நடக்கிறது.

மூன்றையும் ஒருங்கே நோக்கினால்

மர்ம நாவலின் முடிவைக் கூறுதல் கூடாது. நல்ல சமூக நாவலின் முடிவைக் கூறினாலும் ஒன்றும் குறையாது. நல்ல கவிதையின் முடிவையோ கூறவே இயலாது. இந்த மூன்று வேறுபாடுகளும் மூன்று வகைகளுக்கும் உரிய இயல்புகளே. உயர்வு தாழ்வுகள் அல்ல. ‘கொலையுதிர் காலம்’ தன் வகையின் எல்லையில் நின்று, முடிவைக் கூறியும் கூறாமலும் விட்ட இடத்தில் கவிதையின் பக்கம் ஓரடி வைக்கிறது. ஞானக்கூத்தனின் மேடை எள்ளல்களோ, விடை தெரிந்த புதிராகி மர்மக் கதையின் பலவீனத்தை ஏற்றுவிடுகின்றன. ஆகவே அலமாரியின் பெயரைப் பார்த்து நூலின் தரத்தை முடிவு செய்தல் தகாது. மர்ம நாவலிலும் மறுமுறை படிக்கத்தக்கவை உண்டு; கவிதையிலும் ஒருமுறையோடு தீர்ந்துபோவன உண்டு.

இதை நாம் வற்புறுத்துவது இலக்கிய வாதத்திற்காக மட்டுமன்று. தமிழகத்திற்கு வெளியே தமிழ் பேசும் பிள்ளைகள் உளர். தமிழைப் படிக்கும் பிள்ளைகள் அருகி வருகின்றனர். பேச்சு வீட்டில் வருகிறது, படிப்பு வருவதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பதினைந்து வயதுப் பிள்ளையை, அடுத்த பக்கத்தைத் திருப்பச் செய்யும் ஆற்றல் முதலில் ஒரு மர்ம நாவலுக்கே இருக்கக்கூடும். அப்பிள்ளையின் கையிலிருக்கும் நூலைப் பார்த்து ‘இதைப் போய்ப் படிக்கிறாயே’ என்று பெரியவர் ஒருவர் கூறிவிட்டால், அது கீழே வைக்கப்படுவதோடு தமிழும் கீழே வைக்கப்படும். மறுபுறம், அந்த நூலோடேயே நிறுத்திவிடுவதும் நன்றன்று. அட்டை தேய்ந்து தையல் விட்ட மர்ம நாவல்களும், ஒருமுறையேனும் விரிக்கப்படாத கவிதை நூல்களும் எதிரெதிர் அலமாரிகளில் நிற்பதே சங்க நூலகங்கள் பலவற்றின் நிலை.

நம் விண்ணப்பம் சிறியது. சங்க நூலகங்கள் மூன்றையும் ஒரே அலமாரியில் அடுக்கட்டும். மர்ம நாவலைக் கேட்டு வருவோர்க்கு அதை மகிழ்வோடு தருவதுடன், ‘தண்ணீர்’ போன்ற மெல்லிய நாவல் ஒன்றையும், கவிதைத் தொகுதி ஒன்றையும் உடன் எடுத்துச் செல்ல இசைவளிக்கட்டும். இடம் போதாமல் நூல்களைக் கழிக்க நேரும்போது, எத்தனை பேர் எடுத்தனர் என்ற கணக்கை மட்டும் பாராது, ஒருவரே எத்தனை முறை எடுத்தார் என்பதையும் பதிவேட்டில் பார்க்கட்டும். ஒரே வாசகர் மூன்றாண்டு இடைவெளியில் மும்முறை எடுத்துச் சென்ற நூல், முப்பதுபேர் ஒருமுறை எடுத்த நூலைவிடக் குறைந்ததன்று. அந்த ஒருவரிடம், மறுமுறை எதைக் கண்டீர் என்று நூலகர் கேட்டால், அங்கே திறனாய்வு தொடங்கிவிடும்.